வினாக்கொத்தோடு வீட்டுக்கு வருபவர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களுக்காக வீடு வீடாகச் சென்று நேர்காணல் செய்வது சில ஆண்டுகளாக என் தொழிலாக இருக்கிறது. பெற்றோர் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள் வீட்டிலும் பாடசாலையிலும் எவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு வளர்கிறார்கள், தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு யார் தலைவாரி விடுகிறார்கள் என்பன போன்றவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். அவற்றை வேறொருவர் கணினியில் ஏற்றுவார். இன்னொருவர் பகுப்பாய்வு செய்வார். ஈற்றில் பேராசிரியர் கட்டுரையாக எழுதுவார். கட்டுரையை வாசிப்பவர்களுக்குப் பேராசிரியரைத் தெரியும். வீட்டுக்காரருக்கு என்னை மட்டுமே தெரியும். இந்த இரண்டு அறிமுகங்களுக்கும் நடுவில் இருக்கும் மனிதர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இந்தத் துறையில் ஆய்வுக்கூடம் என்பது பெரும்பாலும் ஓர் அறைதான். இரண்டு மூன்று கணினிகள், பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி, சுவரில் பிரதேச செயலகப் பிரிவுகள் குறிக்கப்பட்ட மாவட்ட வரைபடம், மூலையில் ஒரு கேத்தல். அலுமாரிக்குள் இருக்கும் சம்மதப் படிவத்தில் ஆளின் பெயர் இருக்கும். வினாக்கொத்தில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டுமே இருக்கும். எந்த இலக்கம் எந்தப் பெயருக்குரியது என்பதைக் காட்டும் பட்டியல் இந்த இரண்டோடும் சேராமல் தரவுகளுக்குப் பொறுப்பானவரிடம் தனியே இருக்கும். அந்த ஆளுக்குச் சம்பளம் குறைவு, பொறுப்போ மலையளவு. அவருடைய கணினி தொலைந்தால் ஒரு கிராமத்தின் குடும்ப இரகசியங்கள் முழுவதும் தெருவுக்கு வந்துவிடும் என்பதை அறிந்துதான் அவர் இரவில் தூங்கப் போகிறார்.

குடும்ப ஆய்வுகள் பற்றிப் படித்தவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஆய்வு. 1980களில் அங்கு நிலத்தின் விலை சரிந்து, வட்டி ஏறி, கடனில் மூழ்கிய விவசாயக் குடும்பங்கள் நிலத்தை இழந்தன. அந்தப் பின்னணியில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்ட் கொங்கரும் அவருடைய குழுவினரும் 1989இல் கிராமப்புறக் குடும்பங்கள் 451ஐத் தெரிந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தாய், தகப்பன், ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு வயதில் நெருங்கிய ஒரு சகோதரர் என நால்வர் பங்கெடுத்தார்கள். வருபவர்கள் முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேள்விகளைக் கேட்டு நிரப்புவார்கள். அடுத்த வருகையில் குடும்பத்தினரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, வீட்டில் அடிக்கடி சண்டை வரும் விடயம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பேசித் தீர்க்கும்படி சொல்லிவிட்டுக் காணொளியில் பதிவு செய்வார்கள்.

அந்த ஆய்விலிருந்து வந்த முடிவைச் சுருக்கமாகச் சொல்லலாம். வருமானம் குறைவது நேராகப் பிள்ளையைத் தாக்குவதில்லை. கட்ட முடியாத கடனும் வாங்க முடியாத பொருளும் நாளாந்த நெருக்கடியாக மாறுகின்றன. அது தாய் தகப்பனின் மனத்தைச் சோரச் செய்கிறது. சோர்ந்த இருவருக்கும் இடையில் எரிச்சலும் சண்டையும் கூடுகின்றன. சண்டையின் மிச்சம் பிள்ளையிடம் கடுமையாகவோ பாராமுகமாகவோ இறங்குகிறது. பிள்ளையைப் பாதிப்பது இந்தக் கடைசிப் படிதான் என்றால், பணம் உடனே வராவிட்டாலும் இடையில் உள்ள படிகளில் எங்காவது கைகொடுக்கலாம் என்ற வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2022இல் இதை நான் திருக்கடலூரிலும் அதற்கு வடக்கேயுள்ள கரையோரக் கிராமங்களிலும் கண்ணால் கண்டேன். முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் மணலில் கிடந்தன. கடலில் இருக்க வேண்டிய நேரத்தில் தகப்பன்மார் வீட்டு விறாந்தையில் இருந்தார்கள், அரிசி விலையைப் பற்றிய பேச்சு பிள்ளையின் பரீட்சைப் புள்ளியைப் பற்றிய பேச்சாகத் திரும்பியது, சிறிய வீடுகளில் ஒருவரின் கண்ணில் இன்னொருவர் படாமல் இருக்க இடமில்லை. அயோவாவின் சோளக் காட்டையும் எங்கள் கடற்கரையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலருக்குப் பொருத்தமில்லாததாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே நிலத்தை வங்கி எடுத்தது, இங்கே படகைக் கரை பிடித்துக்கொண்டது; வீட்டுக்குள் நடந்தது ஒன்றுதான்.

ஆனால் இத்தகைய முடிவுகளைப் பற்றிப் பேசும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த 451 வீடுகளின் கதவையும் தட்டியவர்கள் யார்? கொங்கரோடு இணைந்து அந்த ஆய்வை எழுதிய கிளென் எல்டரின் முந்திய வேலையைப் பார்த்தால் கேள்வியின் கனம் விளங்கும். 1920–21இல் பிறந்த, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரப் பிள்ளைகள் 167 பேரை 1930களின் பெரும் பொருளாதார மந்தம் எப்படிப் பாதித்தது என்று எல்டர் எழுதியது 1974இல் வெளியானது. அந்தப் பிள்ளைகளை அக்காலத்தில் அவர் சந்தித்தவர் அல்லர். பேர்க்லியில் இருந்த ஆய்வு நிறுவனத்தின் ஊழியர்கள் அன்று எழுதி வைத்த குறிப்புகளைத்தான் 1960களில் எடுத்து வாசித்தார். முப்பது ஆண்டு கழித்து இன்னொருவர் புதிய கேள்வியோடு வந்து வாசித்தாலும் பயன்படும் அளவுக்கு ஒருவர் ஒரு வீட்டைப் பற்றிக் குறிப்பெழுதியிருக்கிறார் என்றால், அந்தக் கைக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

எங்கள் வேலையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு நேர்காணலைக் கொண்டு சொல்லலாம். உப்புவெளிக்கு அப்பால் ஒரு கரையோர வீடு. பதினைந்து வயதுப் பெண்பிள்ளை. தாயிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியாயிற்று. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகாதபடியால் தாயின் சம்மதம் வேண்டும்; அதோடு பிள்ளையின் இணக்கமும் தனியே வேண்டும், தாய் கையெழுத்திட்டாலும் பிள்ளை மாட்டேன் என்றால் நாங்கள் எழும்பி வந்துவிட வேண்டும். இவையெல்லாம் முடிந்து முற்றத்துப் பூவரச நிழலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்ததும் அம்மம்மா மூன்றாவது கதிரையோடு வந்தார்.

“என்ன பிள்ளை, எங்களுக்குத் தெரியாமக் கதைக்கிற கதை?”

“உங்களிட்டயும் கேக்கிறதுக்கு இருக்கு அம்மம்மா. அந்தக் காலத்தில நீங்க பிள்ளையளை எப்பிடி வளர்த்தனீங்க எண்டு இந்தத் தங்கச்சிக்குச் சொல்லுங்கோவன்,” என்று என்னோடு வந்தவளைக் காட்டினேன். அவள் அம்மம்மாவின் கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் இருவராகப் போவதே இதற்காகத்தான். ஒருவர் நேர்காணல் செய்வார். மற்றவர் வீட்டிலுள்ள மற்றவர்களைத் தம் பக்கம் வைத்திருப்பார். வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டாவது ஆளுக்கான பணத்தை வெட்டிவிட்டு, நேர்காணல் தனிமையில் நடந்தது என்று அறிக்கையில் எழுதும் குழுக்களை எனக்குத் தெரியும்.

கடினமான கேள்விகளுக்கு வந்தபோது பிள்ளையின் கையில் மடித்துக் கிழியாத அட்டை ஒன்றைக் கொடுத்தேன். அதில் 1 முதல் 5 வரை எண்களும், ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அடிக்கடி’ என்பது வரை விடைகளும் அச்சிட்டிருக்கும். கேள்வியை நான் இலக்கத்தால் சொல்வேன்; அவள் தன் தாளில் வாசித்துவிட்டு அட்டையில் விரலை வைத்தால் போதும். கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் யாராவது அடித்தார்களா என்ற கேள்விக்கு அவள் ஒரு முறை குசினிக் கதவைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. விரல் 4இல் போய் நின்றது. நான் எழுதிக்கொண்டு அடுத்த இலக்கத்தைச் சொன்னேன், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். காட்டினால் அடுத்த கேள்விக்கு அவள் விரல் 1க்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் ஆய்வுக்கூடத்தின் தரத்தைக் காட்டும். நீ சொல்வது யாருக்கும் போகாது, உனக்கோ வேறு பிள்ளைக்கோ ஆபத்து இருக்கிறது என்று எனக்குப் பட்டால் மட்டும் பொறுப்பானவருக்குச் சொல்ல வேண்டிவரும் என்று தொடக்கத்திலேயே பிள்ளைக்கு விளக்கியிருப்போம். அன்று மாலையே கள இணைப்பாளருக்குச் சொன்னேன். அவர் உளவளத்துணையாளரோடு பேசினார். பிள்ளையை இன்னொரு முறை சந்திப்பது யார், எங்கே என்பது முடிவானது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் எங்கள் ஒவ்வொருவரின் கைபேசியிலும் இருந்தது. எந்தக் கட்டத்தில் அதை அழுத்துவது, எந்தக் கட்டத்தில் அழுத்தினால் பிள்ளைக்கு வீட்டில் இன்னும் கேடு வரும் என்பதைத் தனியொரு நேர்காணல் பெண்ணின் தலையில் கட்டாமல் கூடி முடிவெடுக்கும் ஒழுங்கு அந்தக் குழுவில் இருந்தது. வேறு இடங்களில் அது இருக்கவில்லை. கேள்வியைக் கேட்கும்படி அனுப்பிவிட்டு, வந்த விடையோடு என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டவர்கள் பெரிய பட்டங்கள் உடையவர்கள்.

காணொளிகளைப் பார்த்துப் புள்ளியிடுபவர்கள் இன்னொரு வகையினர். ஒரே பதிவை இருவர் ஒருவரை ஒருவர் கலந்து பேசாமல் பார்த்து, அன்பு, கோபம், அலட்சியம், செவிமடுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இருவரும் வெகுவாக வேறுபட்டால் உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் அறையில் நீண்ட நேரம் போன வாக்குவாதம் ஒரு தகப்பனின் மௌனத்தைப் பற்றியது. மகன் பேசப்பேச அவர் பதினைந்து நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. கையேட்டின்படி அது பாராமுகம். கிண்ணியாவிலிருந்து வந்த தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பன் மேசையிலிருந்த பணிஸ் தட்டை மூன்று தரம் மகன் பக்கம் தள்ளியதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார். நகரத்தில் வளர்ந்த மற்றவர் அதைக் கவனித்திருக்கவே இல்லை. அமெரிக்காவில் எழுதப்பட்ட கையேட்டில் தட்டைத் தள்ளுவதற்குப் புள்ளி கிடையாது. அன்று அதற்கு ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். கட்டுரையின் முறையியல் பகுதியில் அது அரை வரியாக வரும், வந்தால்.

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலைக்கு இன்னொரு கனமும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தவரும் அருகருகே வாழும் இடம் இது. மூதூரில் ஒரு வீட்டுக்கு யார் போகலாம், கந்தளாயில் யார் போகலாம், பெண்களிடம் பேச ஆண்களை அனுப்பலாமா என்பதையெல்லாம் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து தீர்மானிக்க முடியாது. அதோடு படிவத்தைக் கண்டாலே அஞ்சும் வீடுகள் இருக்கின்றன. 2013 முதல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதைக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற அரச நடைமுறை தடுத்தது. 2022இல்தான் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டின் கீழ் வாழ்ந்த வீட்டில் ஒருத்தி கோப்போடு வந்து, தாய் எங்கே, பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பிரதேச செயலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டையை நீட்டினாலும் அச்சம் போகாது. பக்கத்து வீட்டுக்காரி, “இவ எங்கட ஆள்தான், சொல்லுங்கோ,” என்று வேலிக்கு மேலால் சொன்னால் போகும்.

சுனாமியின் நினைவும் இதில் சேர்ந்திருக்கிறது. 2004 டிசெம்பருக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் வினாக்கொத்துகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. துயரத்தில் இருப்பவர்களிடம் ஆய்வு செய்வதன் ஒழுக்கநெறி பற்றி இலங்கை மருத்துவர்களான அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இலேயே எழுதினார்கள். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் போரின் உளத் தாக்கத்தை ஆராய்ந்த ஜேர்மன் உளவியலாளர் தோமஸ் எல்பெர்ட்டின் குழு, நேர்காணல் செய்வதற்கு உள்ளூர் ஆலோசனை ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. அதே வட்டத்தைச் சேர்ந்த கிளாடியா கட்டானியும் மற்றவர்களும் சுனாமிக்குப் பின்னர் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2008இல் வந்தது. போரும் கடலும் மட்டுமல்லாமல் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் பிள்ளைகளின் மனத்தைச் சிதைக்கிறது என்பதையும், போர் அனுபவமும் தகப்பனின் குடியும் அந்த வன்முறையோடு தொடர்புபட்டிருக்கின்றன என்பதையும் அது காட்டியது. தமிழ்ப் பிள்ளை ஒருவர் வீட்டில் வாங்கும் அடியைப் பற்றி அந்நியரிடம் வாய் திறந்திருக்கிறார். கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதை அந்தக் கட்டுரையின் அட்டவணைகள் சொல்லா. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த நேர்காணலைச் செய்தவர்கள்தான்.

திரும்பி வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இளையோர் வளர்ச்சியை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுத முடியாது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிதைவு, பெற்றோரின் நோய் எனப் பல இடர்கள் சேர்ந்திருந்த பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினர் நல்ல மனிதர்களாக வளர்ந்ததையும், அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் அக்கறையுள்ள ஒரு பெரியவராவது இருந்ததையும் அவர்கள் கண்டார்கள். அந்த ஆய்வின் முதல் தகவல்களைச் சேர்த்தவர்களில் பொதுச் சுகாதாரத் தாதியர் இருந்தார்கள். இங்கே மிட்வைஃப் என்று நாங்கள் கூப்பிடுபவருக்கு ஊரில் இருக்கும் உரிமையை நினைத்துப் பார்த்தால், அந்தத் தீவின் தாய்மார் ஏன் கதவைத் திறந்தார்கள் என்பது விளங்கும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடரும் ஆய்வு இன்னும் வியப்பானது. நாற்பத்தைந்து வயதில் உயிரோடு இருந்த 997 பேரில் 938 பேர் மீண்டும் வந்து பங்கெடுத்தார்கள். வேறு நாடுகளில் குடியேறியவர்களைப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்து வரவழைக்கிறார்கள். பணம் மட்டும் இதைச் செய்யாது. ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், தொலைபேசி எண் மாறிவிட்டதா என்று ஓர் அலுவலகத்தில் யாரோ ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு செயற்றிட்டம் மூன்று ஆண்டில் முடிகிறது, நிதி நிற்கிறது, நேர்காணல் செய்தவர்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள், தொலைபேசிப் பட்டியல் யாரோ ஒருவரின் பழைய மடிக்கணினியில் கிடக்கிறது. அதைவிட மோசமானது, நிரப்பிய படிவமொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது. அப்படிப் பேசினால் அம்மம்மாவைக் குசினிக்குக் கூட்டிச் செல்ல யாருக்கும் நேரமிருக்காது. பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை போகும் வழிச்செலவு நேர்காணல் செய்பவரின் சட்டைப்பையிலிருந்து போகும். மரத்தடியில் உட்கார்ந்து தாமே விடைகளை நிரப்புபவர்களும் தோன்றுவார்கள். அவர்களைப் பிடிப்பதற்குப் பத்தில் ஒரு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது, நல்ல முறைதான். மாதச் சம்பளம் கொடுத்துவிட்டு அதைச் செய்யலாம். எங்கள் பெயர்கள் கட்டுரையின் மேலே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தகவல் சேகரித்தோருக்கு நன்றி என்ற வரியில் எங்களைக் கூட்டமாக அடைக்காமல் பெயரோடு எழுதலாம். பகுப்பாய்வுக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடலாம். 4இல் விரல் வைத்த பிள்ளை எந்தக் கதவைப் பார்த்தாள் என்பது தரவுக் கோப்பில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

இப்போது நான் இருக்கும் குழுவில் முதல் சுற்றில் பதினான்கு, பதினைந்து வயதாயிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதினெட்டைத் தாண்டுகிறார்கள். தாய் தகப்பன் போட்ட கையெழுத்து அதோடு செல்லாது. ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டும். சிலர் கட்டாருக்குப் போய்விட்டார்கள், அவர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்கிறோம். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள், உயர்தரத்தில் என்ன பெறுபேறு என்று நாங்கள் கேட்பதற்கு முன்னரே சொல்கிறார்கள். மூதூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவர், “அக்கா, குறை நினைக்காதேங்கோ. அப்ப அம்மா சொன்னதால கதைச்சனான். இனி வேண்டாம்,” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. அதுவரை அவர் தந்த விடைகளை வைத்திருக்கலாமா, அழிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அழிக்கச் சொன்னார். அன்று பின்னேரம் அறைக்குப் போய்த் தரவுகளுக்குப் பொறுப்பான அண்ணனிடம் இலக்கத்தைக் கொடுத்தேன். நான்கு ஆண்டுத் தகவல் போகிறதே என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தார்.